'நம்ம' என்ற சொல்லுக்குள் நான் இல்லை

சென்ற ஆண்டு ஒரு மதிய இடைவேளையில், எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உள்ளங்கை அளவுள்ள ஒரு வீடியோ கேம் கைமாறிக்கொண்டிருந்தது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு பொம்மைக் கடையில் மகனுக்காக வாங்கியதாகச் சொன்னார் சகப் பேராசிரியர். அட்டையில் '400 இன் 1' என்று அச்சிட்டிருந்தது. மரியோ, டாங்கி காங், பேக்-மேன், கலாகா என்று நாற்பது ஆண்டுப் பழைய ஆட்டங்கள். ஒரு காலத்தில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளில் இருந்தவை, இன்று சட்டைப்பையில் அடங்குகின்றன. "நம்ம சின்ன வயசே இதுக்குள்ள இருக்கு மேடம்" என்றார் அவர்.

நான்கு ஆண்கள் மாற்றி மாற்றி ஆடினார்கள். மணி அடித்தது. அறையில் இருந்த மூன்று பெண்களில் ஒருவர் கைக்கும் அது வரவில்லை. யாரும் எங்களுக்கு மறுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் இலக்கணம் நடத்துகிறவள். 'நாம்' கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்தும். இந்த வேறுபாடு இல்லாத மொழிகள் உலகில் எத்தனையோ உண்டு. தமிழுக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் 'எங்க சின்ன வயசு' என்று சொல்லாமல் 'நம்ம' என்றார். அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

என் சின்ன வயசு எங்கே இருந்தது என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடியோ கேம் கடை வந்தது. ஒரு டிவி, இரண்டு ரிமோட், மணிக்கணக்கில் காசு. அண்ணன் பள்ளி விட்டதும் அங்கேதான். பதினோரு வயதில் ஒருநாள் நான் வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் கனிவாகத்தான் கேட்டார்: "பாப்பா, யாரைத் தேடுற?" ஆடத்தான் வந்திருப்பாள் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. "அண்ணனை" என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு ஆண்டில் வயதுக்கு வந்தேன். தெருவில் ஆடுவதும் நின்றது. பின்னாளில் சங்க இலக்கியம் படித்தபோது அதற்கு ஒரு கலைச்சொல்லே இருப்பது தெரிந்தது: இற்செறிப்பு. பந்தும் கழங்கும் ஓரையும் ஆடித் திரிந்த பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது. பிள்ளைத்தமிழிலும் இந்தக் கணக்கு உண்டு. பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். ஆண்பாலுக்குச் சிறுபறை, சிறுதேர், அதோடு சிற்றில். சிற்றில் என்றால் அவன் வீடு கட்டுவதில்லை. சிறுமிகள் கட்டிய மணல் வீட்டை அவன் சிதைக்க வருகிறான், அவர்கள் "சிதைக்காதே" என்று கெஞ்சுகிறார்கள். அவள் ஆட்டத்தைக் கலைப்பதே அவனுக்கு ஆட்டம். இதை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நயம் பாராட்டி நடத்தியிருக்கிறேன்.

அண்ணனுக்குப் பர்மா பஜாரிலிருந்து ஒரு பிரிக் கேம் வந்தது. '9999 இன் 1' என்று போட்டிருந்தாலும் எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான். வேகத்தை மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள். பாம்பு, கார், டாங்கி, சாலையைக் கடக்கும் தவளை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ். அண்ணன் சலித்துப் போட்ட பிறகு அதை எடுத்தது நான் அல்ல, என் அம்மா. இரவு பாத்திரம் கழுவி, தோசை மாவுக்கு உப்புப் போட்டுக் கரைத்து வைத்துவிட்டு, அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுவாள். "கட்டை அடுக்குற ஆட்டம்" என்பாள். அண்ணனின் உச்ச மதிப்பெண்ணைப் போல மூன்று மடங்கு எடுத்தாள். எனக்கு மட்டும்தான் காட்டினாள்.

ஒருநாள் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. அப்பா பிரிக் கேமிலிருந்த பென்சில் பேட்டரியைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டார். அந்தக் கருவியில் பேட்டரியைக் கழற்றினால் மதிப்பெண் அழிந்துவிடும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வாள்? ஆடினேன் என்று ஒப்புக்கொண்டால்தானே இழந்தேன் என்று சொல்ல முடியும்? அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

இப்போது அந்த 400 ஆட்டங்களுக்கு உள்ளே போய்ப் பார்ப்போம். 1981இல் வந்த டாங்கி காங்கில் ஒரு பெண் இருக்கிறாள். மேல்தளத்தில் குரங்கின் பக்கத்தில் நின்று கை வீசிக்கொண்டே இருப்பாள். தொடக்கத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை, 'லேடி' என்று மட்டும் குறித்தார்கள். பாலின் என்ற பெயர் பிறகுதான் வந்தது. பிள்ளைகள் ஏறி ஏறிச் சாகும்போதெல்லாம் அவள் அங்கேயே காத்திருக்கிறாள். அவளுக்கு என்று ஒரு பொத்தான் கிடையாது.

பொத்தான் கிடைத்த ஒருத்தியின் கதை இன்னும் மோசம். 1982இல் மிஸ் பேக்-மேன் வந்தது. தலையில் ரிப்பன், உதட்டில் சாயம், பெயரில் கணவன். இந்த அலங்காரத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பாருங்கள். பேக்-மேனில் ஒரே பாதை வரைபடம். பேய்கள் மாறாத விதிப்படி நகரும், மனப்பாடம் செய்தே ஜெயிக்கலாம். மிஸ் பேக்-மேனில் நான்கு வரைபடங்கள், பழங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், பேய்களின் போக்கை மனப்பாடம் செய்ய முடியாது. முன்னதைவிடத் தேர்ந்த ஆட்டம் என்று சொல்பவர்கள் ஏராளம். 2001இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு நாம்கோ நிறுவனம் தன் பழைய ஆட்டங்களைத் தொகுத்தபோது ஐந்தை எடுத்தது. அதில் பேக்-மேன் இல்லை, அவள் இருந்தாள்.

2022இல் 'பேக்-மேன் மியூசியம் பிளஸ்' என்ற தொகுப்பு வந்தது. அதில் அவள் இல்லை. அதே ஆண்டு மறுபதிப்பான 'பேக்-லேண்ட்' ஆட்டத்தில் அவள் நின்ற இடத்தில் வேறு உடையில் ஒருத்தி நின்றாள். பெயர் 'பேக்-மாம்'. அம்மா! பின்னணியில் இருந்தது உரிமைத்தொகை வழக்கு என்பது எனக்குத் தெரியும். சட்டம் அவளை நீக்கச் சொல்லியிருக்கலாம். அவள் இடத்துக்கு 'அம்மா'வைக் கொண்டுவரச் சொன்னது எந்தச் சட்டம்? ஓடியவளை, தின்றவளை, பேயைத் துரத்தியவளை எடுத்துவிட்டு, வாசலில் நிற்கும் தாயை வைத்தார்கள். தொகுப்பு என்பது வெறும் பட்டியல் இல்லை. எது நினைவில் இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு. தமிழ் இலக்கிய வரலாறு படித்த பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது" என்பார்கள். பேக்-மேனை உருவாக்கிய தோரு இவாதானி, பெண்களும் வந்து ஆட வேண்டும் என்றே அதை வடிவமைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'சென்டிபீட்' ஆட்டத்தை எட் லாக் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. அட்டாரி நிறுவனத்தின் காசுப்பெட்டிப் பிரிவில் அன்று நிரல் எழுதிய ஒரே பெண். அந்த ஆட்டத்தைப் பெண்கள் விரும்பி ஆடினார்கள். சில ஆண்டுகளில் அவர் அந்தத் துறையையே விட்டுப் போனார். பின்னாளில் என்னைப்போலக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆர்வம் இருந்தது. இடம்தான் இல்லை.

"இப்போதுதான் எல்லாப் பெண்கள் கையிலும் போன் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். கருவி இருக்கிறது, நேரம் எங்கே? 2019ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு 299 நிமிடம். அதே வேலை செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். செய்கிற ஆண்களை மட்டும் எண்ணினால்தான் அந்த 97. நான்கில் மூன்று பங்கு ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. அந்த ஸ்டாஃப் ரூமில் புரண்ட இனிய நினைவுகளின் விலை இதுதான். அவர்கள் ஆடிய மணிகளில் யாரோ ஒரு தங்கை பாத்திரம் தேய்த்திருக்கிறாள்.

பூந்தமல்லிக்காரியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976இல் காசுப்பெட்டியில் வந்த 'பிளாக்கேட்' என்ற ஆட்டம்தான் பின்னால் நோக்கியா போனில் பாம்பு ஆட்டமாக உலகெங்கும் ஊர்ந்தது. அந்த நோக்கியாவின் ஆலை 2006 முதல் 2014 வரை எங்கள் ஊருக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் இயங்கியது. போன்களைப் பூட்டியவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். இன்றும் அந்த வட்டாரத்து ஆலைகளுக்குப் போகும் பெண்கள் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகத்தின் கைகளுக்குக் கருவி செய்து தருகிறவர்கள், உண்ணும் சோற்றுக்காகச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து திரும்பும் அந்தப் பெண்ணிடம் போய் "நம்ம சின்ன வயசு" என்று சொல்லிப் பாருங்கள்.

சோறும் கூலியும் பாதுகாப்பும் இருக்க, விளையாட்டுக்கா ஒரு கட்டுரை என்று தோழியர் சிலரே கேட்கக்கூடும். சோறும் கூலியும்கூட 'பயன்' என்ற கணக்கில் பெண்ணுக்குக் கிடைத்துவிடும். வேலை செய்ய அவள் உயிரோடு இருக்க வேண்டுமே! யாருக்கும் பயனில்லாத அரைமணி நேரம்தான் கிடைக்காது. வகுப்பில் கேட்டேன்: கடைசியாக எப்போது, யாருக்கும் பயனில்லாத ஒன்றை, சும்மா, செய்தீர்கள்? முன்வரிசைப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்படிச் செஞ்சா திட்டுவாங்க மேம்." சிரித்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

அதனால் மாணவிகளே, உங்களிடம் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அந்த அரைமணியைக் கேட்டு வாங்காதீர்கள். வேலையெல்லாம் முடித்துவிட்டு எடுக்கவும் வேண்டாம், வேலை முடியவே முடியாது. பாத்திரம் கிடக்கட்டும். அண்ணன் இருக்கிறான், தம்பி இருக்கிறான், அவர்களுக்கும் இரண்டு கை இருக்கிறது. அடுக்களை வாசற்படியில் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். கூடத்தில் உட்கார்ந்து, சத்தம் வைத்து ஆடுங்கள்.

ஆண் நண்பர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. எங்கள் கைக்கும் அது வரும்வரை 'எங்க சின்ன வயசு' என்று சொல்லுங்கள். இலக்கணமாவது பிழைக்கட்டும்.