உயரம் பூஜ்ஜியம்

கணினியில் ஒரு மலைத்தொடர் செய்ய ஐம்பது வரி நிரல் போதும். ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும், அதை 'விதை' என்கிறோம். நிரல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு உயரத்தைத் துப்பும். பெரிய மேடுபள்ளங்கள் மேல் சின்ன மேடுபள்ளங்கள், அதன்மேல் அதைவிடச் சின்னவை. உயரத்துக்கேற்பப் பச்சை, பழுப்பு, வெள்ளை. பக்கவாட்டில் கொஞ்சம் சூரியன். கடைசியாக ஒரு ஸ்லைடர்: நீர்மட்டம். அதை லேசாக இழுத்தால் பள்ளமெல்லாம் கடலாகிவிடும். படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் 'இது எங்க ப்ரோ, ஐஸ்லாந்தா?' என்று நாலு பேர் கேட்பார்கள்.

என் சண்டை அந்தக் கடைசி ஸ்லைடரோடு.

இந்த வித்தை புதியதல்ல. போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த லோரன் கார்பென்டர் 1980இல் 'வோல் லிப்ரே' என்று இரண்டு நிமிடப் படம் ஒன்றைச் செய்து காட்டினார். மலைகளுக்கு நடுவே பறக்கும் காட்சி, அத்தனையும் கணக்கு. இரண்டே ஆண்டில் அவர் கைவண்ணம் 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் படத்துக்குப் போனது. அந்தக் காட்சியில் ஒரு செத்த கோளின்மேல் ஒரு குண்டு விழும், சில நொடிகளில் மலையும் கடலும் காடும் முளைத்து அது உயிருள்ள உலகமாகிவிடும். கவனியுங்கள், திரைப்படத்தில் இந்தத் தொழில்நுட்பம் பேசிய முதல் வசனமே இதுதான்: அங்கே ஒன்றுமில்லை, நாம் போட்டால்தான் உண்டு. பிறகு கென் பெர்லின் தன் பெயரில் வழங்கும் 'நாய்ஸ்' கணக்கைக் கண்டுபிடித்தார். அதற்காக 1997இல் அவருக்குத் தொழில்நுட்ப ஆஸ்கர் கிடைத்தது. இன்று நீங்கள் விளையாடும் பாதி கேம்களின் மலைகளுக்கு அவர்தான் தாத்தா.

'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாடியிருப்பீர்கள். 2016இல் வந்தது. இரண்டின் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கோள்கள், நம் கணக்கில் சுமார் 1.84 லட்சம் கோடி கோடி. முதலில் போய் இறங்குகிறவர் அந்தக் கோளுக்குப் பெயர் வைக்கலாம். எனக்கும் ஜாலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜாலி எங்கிருந்து வருகிறது? வேறு யாரும் அங்கே ஏற்கெனவே இல்லை என்ற உத்தரவாதத்திலிருந்து. நிலத்துக்கு முன்கதை கிடையாது. அதே விதை, அதே புள்ளி என்றால் எத்தனை முறை கேட்டாலும் அதே உயரம்தான். நேற்று அங்கே மழை பெய்ததா, யார் கடந்து போனார்கள் என்ற கேள்விக்கே அந்தக் கணக்கில் இடமில்லை.

'கேம்தானே, அதுக்கு ஏன்யா இவ்ளோ கோபம்?' என்று கேட்கலாம். கேமோடு நின்றிருந்தால் கோபமே இல்லை. அதே பழக்கம் அலுவலகத்துக்கும் வருகிறது, அங்கிருந்து அரசாங்க மேசைக்குப் போகிறது. நிஜ நிலத்தைக் கணினிக்குள் கொண்டுவர என்ன செய்கிறோம்? பெரும்பாலும் என்டெவர் விண்ணோடம் 2000 பிப்ரவரியில் பதினோரு நாள் பறந்து ரேடாரில் அளந்த உயரத் தரவை இறக்குமதி செய்கிறோம். இலவசம், உலகின் பெரும்பகுதி நிலத்துக்கு உண்டு. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழு எண், மீட்டரில்.

இதை எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு வாருங்கள்.

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற கழிமுகம். தெற்கிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வந்து சேர்கிறது, வடக்கே அதுவே பழவேற்காடு வரைக்கும் போகிறது. இங்கே கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டியது. காலையில் சேறு, மதியம் தண்ணீர், சாயங்காலம் மறுபடி சேறு. இரண்டு மூன்று சாண் உயரத்தில்தான் இறால் இருக்குமா, நண்டு இருக்குமா, படகு போகுமா, இறங்கித்தான் நடக்கணுமா என்பதெல்லாம் முடிவாகிறது. அந்த மொத்த உலகமும் என் தரவில் ஒரே ஒரு முழு எண்ணுக்குள் அடங்கிப்போகிறது. ஒன்று, இல்லையென்றால் பூஜ்ஜியம். இதில் ரேடாருக்குக் கண்டல் மரத்தின் தலையும் தரைதான், அதனால் கண்டல் இருக்கும் இடமெல்லாம் மேடு. இப்போது நீர்மட்ட ஸ்லைடரை இழுங்கள். பூஜ்ஜியத்தில் வைத்தால் கழிமுகம் காய்ந்த தரை. ஒன்றில் வைத்தால் எல்லாம் கடல். கழிமுகம் என்ற ஒன்றைக் காட்டும்படியான இடம் அந்த ஸ்லைடரில் எங்குமே இல்லை.

எண்ணூரைக் கணினிக்குள் இல்லாமல் ஆக்க யாரும் சதி செய்யவேண்டியதில்லை, ரவுண்டிங் போதும். ஆனால் சதி என்ற சொல்லும் இங்கே வந்தது. கடற்கரை மேலாண்மைக்காக மத்திய அரசு 1996இல் ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கவேண்டிய நீர்நிலை. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநிலத் தரப்பிலிருந்து வந்த வரைபடத்தில் 6,469 ஏக்கர் கழிமுகத்தையே காணோம் என்று மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள். ஆற்றைத் திருடலாம், மணலைத் திருடலாம், நம் ஊரில் இதெல்லாம் சகஜம். ஓதம் ஏறி இறங்கும் 6,000 ஏக்கரை ஒரு தாளிலிருந்து எடுத்துவிட முடிகிறது என்றால், அந்தத் தாளைப் பார்க்கிறவர்களுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்ற உணர்வே ஏற்கெனவே இல்லை என்று பொருள். அந்த உணர்வின்மையைத்தான் என் துறை அழகான படங்களாகப் போட்டுத் தருகிறது. ஏதாவது ஒரு தொழிற்பூங்காவின் 'வாக்த்ரூ' வீடியோவைப் பாருங்கள். தரை தட்டையாக இருக்கும், ஓரத்தில் ஒரே மாதிரி மரங்கள், நீலமாக ஒரு தண்ணீர்த் தளம், அதில் அலையே இருக்காது. அந்தத் தண்ணீர் எந்த மணி நேரத்துத் தண்ணீர்?

செயற்கை நிலக்காட்சி என்றதும் திரையை நினைக்கிறோம். சென்னைக்காரர்கள் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய செயற்கை நிலக்காட்சி ஒன்று உண்டு, அதன் பெயர் மெரினா. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 1881 புயல் அந்தக் கற்சுவர்களைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். அதற்கு முன் கடல், கோட்டைக்கு வெகு அருகில்தான் இருந்தது. நம் கடற்கரையில் மணல் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவே ஒரு சுவர் வந்ததும் மணல் சுவரின் தெற்கே தங்கிவிட்டது. வருடா வருடம் தங்கித் தங்கி அந்த அகலமான மணல்வெளி ஆனது. நாம் சுண்டல் தின்கிறோம், சிலை வைக்கிறோம். வடக்கே போகவேண்டிய மணல் போகவில்லை, ஆனால் அலை போய்க்கொண்டே இருந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரையை அது தின்றது. வீடும் தெருவும் போன பிறகு கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டியதும், தூண்டில் வளைவு போட்டதும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது.

ஒரு நிரலைப் போல இதை வாசியுங்கள். உள்ளீடு ஒரே ஒரு சுவர். வெளியீடு இரண்டு: தெற்கே ஒரு கடற்கரை, வடக்கே ஒரு இழப்பு. தென்சென்னை முதல் வெளியீட்டை மட்டும் சேமித்துக்கொண்டு, அதை இயற்கை என்று அழைக்கிறது. வடசென்னை என்றால் அழுக்கு, ரவுடி, புகை என்று படமெடுக்கிறவர்களும் அந்தப் படத்துக்கு நாலாயிரம் சொல்லில் விமர்சனம் எழுதுகிற நம்மவர்களும் மெரினாவில் காலாற நடக்கும்போது அந்த மணல் யாருடையது என்று ஒரு தடவை யோசிக்கலாம்.

அதே கடற்கரையில் இன்னும் பெரிய சுவருக்குத் திட்டம் இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அதானி குழுமம் 2018இல் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் 2,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பகுதி கடலையே நிரப்பி உண்டாக்கவேண்டிய நிலம். ஸ்லைடரை இழுக்கிற அதே கை. திரையில் 'அண்டூ' பட்டன் இருக்கும், இங்கே இருக்காது.

'மாதிரி இன்னும் துல்லியமானால் சரியாகிவிடும்' என்பது என் தொழில்காரர்களின் நிரந்தரப் பதில். லைடார் கொண்டுவா, ரெசல்யூஷனைக் கூட்டு. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். சமீபத்தில் அதை 11,098.81 என்று திருத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு 906.9 இருந்தது, 1,068.69 ஆனது. நாம் ஒரு அடி நிலத்தையும் புதிதாகப் பிடிக்கவில்லை. முன்பு 1:45 லட்சம் அளவில் வரைந்த கரையை இப்போது 1:2.5 லட்சம் அளவில் அளந்தார்கள், அவ்வளவுதான். மாண்டெல்பிராட் 1967லேயே பிரிட்டன் கரையை வைத்துச் சொன்ன விஷயம் இது: கோல் சின்னதாக ஆக ஆகக் கரை நீளும். செயற்கை மலை செய்யும் கணிதம் முழுக்க இந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தது என்பதுதான் வேடிக்கை. நெளிவு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டார்கள், நகல் எடுத்தார்கள். அந்த நெளிவுக்குள் யார் வலை வைத்திருக்கிறார்கள் என்பது எந்தக் கோலிலும் விழாது.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. மீன்பிடிக்கும் இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. வேலி கிடையாது, பட்டா கிடையாது. தண்ணீருக்குள் கோடு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தாண்டினால் பஞ்சாயத்து. இதை என் உயரப்படத்தில் எந்த அடுக்கில் வைப்பேன்? பொருட்பெயர் கேட்டால் 'நீர்' என்று ஒற்றைச் சொல்லில் நிறம் அடித்துவிட்டுப் போய்விடுவேன். வருவாய்த்துறைக்கும் இப்படி ஒரு ஒற்றைச் சொல் இருந்தது, புறம்போக்கு. எல்லாருக்கும் பொதுவாக விட்ட நிலத்தைக் குறித்த சொல் வசைச் சொல்லாகிப்போனதைப் பற்றி 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்றே பாடினார். பாட்டு வைரலானது. நாமும் பகிர்ந்தோம், ஸ்கிரோல் செய்தோம்.

திணை என்று ஆரம்பித்தால் இலக்கிய வாசகர்கள் பாதிப் பேர் பரவசத்தில் கண்ணை மூடிவிடுகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லவில்லை, நிலமும் பொழுதும் என்கிறது. பிறகு கருப்பொருள்: உணவு, மரம், புள், பறை, செய்தி. செய்தி என்றால் அங்கே தொழில். பொழுதும் தொழிலும் இல்லாத மணலும் நீரும் நெய்தல் ஆகாது, வெறும் இடம். நாம் செய்கிற நிரல்கள் அந்த முதற்பொருளிலேயே பாதியைக் கைவிட்டுவிட்டுத்தான் தொடங்குகின்றன. படம் உருவாக்கும் செயலியிடம் 'மீட்டெடுக்கப்பட்ட எண்ணூர்' என்று கேட்டுப் பார்த்தேன். பச்சைப் பசேல் கண்டல் காடு, வெள்ளைக் கொக்கு, கண்ணாடி போலத் தண்ணீர். ஒரு ஆள் இல்லை. அந்தப் படத்தில் எண்ணூர் மீண்டதற்குக் காரணமே எண்ணூர்க்காரர்கள் காலி செய்துவிட்டதுதான் போலிருந்தது. சாம்பலைக் கொட்டுகிறவர்களின் கனவும் இந்தப் படமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன.

சாம்பல் என்று சும்மா சொல்லவில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிகிறது, வருடக்கணக்காக. சாம்பல் கழிமுகத்தின் தரையில் படிந்து ஆழத்தைத் தின்கிறது. மேடு போடும் நிரல் எதுவும் இத்தனை பொறுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம். செயற்கை மலை நிஜம் போலத் தெரிய வேண்டுமென்றால் அதன்மேல் மழை பெய்ய விடுவோம். லட்சக்கணக்கான துளிகள் ஒவ்வொன்றாக விழும், சரிவில் ஓடும், மண்ணை அள்ளும், வேகம் குறையும் இடத்தில் போடும். பள்ளத்தாக்குகள் அப்படித்தான் உருவாகின்றன, பார்க்க அருமையாக இருக்கும். ஒரு துளி ஓடி ஓடிப் படத்தின் விளிம்புக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? நான் எழுதியதும் நான் படித்ததுமான நிரல்களில் பெரும்பாலும் ஒரே வழிதான். ஒற்றை வரி நிபந்தனை: விளிம்பைத் தாண்டினால் துளியை அழி. அது சுமந்து வந்த மண்ணையும் சேர்த்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நகரமே மூழ்கியிருந்தது. மணலியில் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கியது, அங்கிருந்து கழிமுகத்துக்கு வந்தது. வேளச்சேரியில் தண்ணீர் வடிந்ததும் செய்தி சேனல்கள் வடிந்துவிட்டது என்றன. எண்ணூர்க் குப்பங்களில் படகு, வலை, சுவர், கண்டல் வேர் எல்லாம் கறுப்பாக இருந்தன. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்துக்கொண்டு படகில் நின்று எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.