திருடன் கையில் கணக்கு நோட்டு!

கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடும் குடியானவனுக்குத் தரகன் புதியவனல்ல. எடையும் அவன் கையில், கணக்கும் அவன் கையில் என்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பங்கு மார்க்கெட் தரகன் மட்டும் உத்தமன் என்கிறார்கள்! கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு வரை கைப்பேசியில் பங்கு வியாபாரம் வந்துவிட்ட இந்நாளில், உண்மையைச் சொல்வது நம் கடமை.

கையில் இல்லாத பங்கை விற்பது ‘ஷார்ட் செல்லிங்’. இரவல் வாங்கியாவது பங்கை ஒப்படைக்க வேண்டும் என்பது செபி விதி. பெரும் நிறுவனங்கள் ஆர்டர் கொடுக்கும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும்; சிறு முதலீட்டாளர் அன்று மாலைக்குள். விவரத்தைத் திரட்டி மறுநாள் வியாபாரம் தொடங்குமுன் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பவன் யார்? தரகனே!

அவன் கணக்கின் லட்சணம் என்ன? கார்வி கம்பெனியைப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, 95,000 பேருக்கு மேற்பட்டவர்களின் சுமார் 2,300 கோடி ரூபாய் பங்குகளை அடகுக்கு அனுப்பியது. 2019 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை கொடுத்த அறிக்கைகளில் அந்தப் பங்குக் கணக்கையே காட்டவில்லை! நவம்பரில்தான் செபி தடை போட்டது. 2023இல் கிடைத்த தண்டனை? ஏழு வருஷம் மார்க்கெட்டுக்குள் வரக்கூடாதாம்!

கையில் இல்லாததை விற்கக் கட்டுப்பாடு. ஊரார் சொத்தை அடகு வைத்தவனுக்கு ஓய்வா?

அடகு வைத்த பங்கும் வாடிக்கையாளர் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்ற விதி 2020இல்தான் வந்தது. குதிரை ஓடிய பிறகு லாயத்துக்குப் பூட்டு! தரகன் கொடுக்கும் கணக்கை அவன் வாய்ச்சொல்லாக ஏற்காதே. டெபாசிட்டரி கணக்கோடு தினமும் ஒப்பிடு. முரண்பட்டால் அன்றே ஊரறிய வெளியிடு! செபியிடம் நாம் கேட்பது இதுதான்.