முந்நூறு சதுர மீட்டர்

கோவளம் தாண்டி ஈசிஆரை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால், மணல்மேடு இருந்த இடத்தில் ஆளுயரக் காம்பவுண்டு சுவர். கேட்டில் 'வார இறுதி வாடகைக்கு' என்று போர்டு.

கட்டடம் 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திரும்பிப் பார்க்கும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையோ, 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்குக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையே வேண்டாம் என்கிறது. உள்ளாட்சியே விதியைப் பார்த்து அனுமதிக்கலாம்.

சலுகையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஓட்டைப் பிரித்துத் தளம் போட நினைக்கும் மீனவரைச் சென்னைக்கு அலையவிடுவது அநியாயம். என் சண்டை 'சொந்தக் குடியிருப்பு' என்ற சொல்லோடுதான். 300 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 3,230 சதுர அடி. எந்தக் குப்பத்தில் அவ்வளவு பெரிய வீட்டைப் பார்த்தீர்கள்? பிளானில் பூஜை அறை, படுக்கையறை. பால் காய்ச்சிய மறுவாரம் ரூம் நம்பர் ஒன்று, இரண்டு.

தனியாகப் பார்த்தால் சின்ன வீடுதான். வரிசையாக இருபது எழும்பினால் இருபது போர்வெல், இருபது செப்டிக் டேங்க், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் கண்ணைக் கூசவைக்க இருபது விளக்கு. கோப்புகள் தனித்தனியே வருவதால் மொத்தம் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தக் கரையில் இதுவரை கொடுத்த அனுமதிகளின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாமே. ஒரு டப்பா பசைதான் செலவு.