ஒல்லி உடம்பிலும் கொழுப்பு இருக்கும்



நம் பக்கத்துச் சாவு வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஒல்லியான ஆளு, உப்பளத்துல வேகாத வெயில்ல உழைச்ச உடம்பு, நாப்பது வயசுல நெஞ்சுவலின்னு போயிட்டானே!" அடுத்து ஒருவர், "அவங்க அப்பாவும் இப்படித்தான் போனாரு" என்பார். பிறகு விதி என்று முடித்துவிடுவார்கள். அந்த இரண்டாவது பேச்சை விதி என்று விடக்கூடாது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெய் கரையாது. மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்திலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பு அதில் தனியாகப் போக முடியாது. புரதம் போர்த்திய நுண்ணிய உருண்டைகளில் ஏறித்தான் போகும். அவற்றுக்கு லிப்போபுரோட்டீன் என்று பெயர். அதில் எல்டிஎல் என்ற வகை ரத்தத்தில் அதிகமாகத் தேங்கினால், இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்துவிடும்.

தேங்காமல் காப்பது கல்லீரல். அதன் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று பழுதாக இருந்தாலே ஏற்பிகள் பாதியாகக் குறையும். பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் கூடுதலாக இருக்கும். ஒல்லி, குண்டு, உழைப்பாளி, சோம்பேறி என்ற பேதமே அதற்குக் கிடையாது. உலக அளவில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அவர் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இளவயது மாரடைப்பு எல்லாமே இதனால் வருவதில்லை. பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தே கொல்கின்றன. ஆனால் ஒரே வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

உறவினர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் உறவுக்குள் கட்டிக்கொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே தாத்தாவின் பழுதைச் சுமக்கலாம். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள் வரும். மரு என்று விட்டுவிட்டால், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். உறவில் பெண் எடுக்காதே என்று நான் சண்டைக்கு வரவில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் இரு பக்கமும் ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்தால் என்ன?

வீட்டில் ஆண்களில் 55 வயதுக்குள்ளோ, பெண்களில் 65 வயதுக்குள்ளோ யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகள் உட்பட எல்லோரும் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால், "இது பரம்பரையா?" என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இதற்கு மருந்து உண்டு. ஸ்டேட்டின் மாத்திரை, கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கும். அதனால் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி, ரத்தத்தில் உள்ளதை இழுத்துக்கொள்ளும். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்படிதான். கர்ப்பமான பெண்கள் அவசியம் கேட்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். "உங்கள் வீட்டில் இளவயதில் மாரடைப்பு யாருக்காவது வந்ததா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், செலவில்லாமல் பல உயிர்கள் தப்பும். சுகாதாரத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதை மேலே எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் இன்று இரவு சாப்பிடும்போது, தாத்தா எந்த வயதில், எதனால் இறந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்