பத்தாகப் பிரிந்தால் மலிவா?

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை. என்விடியா பங்கு ஒன்றின் விலை 1,208 டாலர். திங்கட்கிழமை அதே பங்கு 120 டாலர் அளவில் கைமாறியது. சந்தை சரியவில்லை, ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்திருந்தார்கள்.

எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்து, பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. என் அக்காள் மகன் அப்படி ஒருவன். உடனே போன் செய்தான். "மாமா, பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குது. தங்கச்சி படிப்புக்கு வச்சிருக்கிற எட்டாயிரம் வெள்ளியைப் போட்டுடவா?"

தோட்டத்துப் பிள்ளைக்குத் தேயிலைக் கணக்கிலேயே சொன்னேன். ஒரு கிலோ தூளை ஒரே பையில் கட்டினாலும் பத்துப் பொட்டலமாகக் கட்டினாலும் தூள் கூடாது, குறையாது. பத்துப் பங்கு வைத்திருந்தவரிடம் இப்போது நூறு இருக்கிறது; மொத்த மதிப்பு முன்போலவே 12,080 டாலர்தான். எனவே மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தங்கையின் பணத்தைத் தொடாதே என்றும் சொன்னேன்.

"பிரிச்சா விலை ஏறும்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்றான். என்விடியா ஏறியது உண்மைதான். அந்த ஆண்டு முடிவில் 130 டாலரைத் தாண்டியது. ஆனால் ஏஐ சிப்புகள் விற்றுத் தீர்ந்ததால் வந்த ஏற்றம் அது. 2022 ஆகஸ்டில் டெஸ்லா ஒரு பங்கை மூன்றாக்கியது. 297 டாலர் அளவில் தொடங்கிய புதிய பங்கு, டிசம்பர் முடிவில் 123 டாலருக்கு இறங்கிவிட்டது.

பிரிப்பதால் பயனே இல்லையா? சிறு முதலீட்டாளருக்கு உண்டு, அதுவும் நம் நாட்டில் கூடுதலாகவே. புர்சா மலேசியாவில் வழக்கமாக 100 பங்குகள் கொண்ட லாட்டாகத்தான் வாங்குகிறோம். 30 வெள்ளிப் பங்கு என்றால் கையில் 3,000 வெள்ளி வேண்டும். அதையே மூன்றாகப் பிரித்தால் 1,000 வெள்ளியில் நுழையலாம். வாங்குவோர், விற்போர் எண்ணிக்கை கூடினால், அவசரத்துக்கு விற்பதும் சுலபம்.

ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பிரிப்பு நாளன்று கைப்பேசிச் செயலி சில நேரம் புதிய விலையைக் காட்டும். புதிய பங்குகள் கணக்கில் ஏறியிருக்காது. 90 விழுக்காடு நட்டம் என்று சிவப்பில் மிரட்டும். பதறி விற்றுவிடாதீர்கள், பங்குகள் வந்து சேரும்வரை பொறுத்து, பிறகு எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.