அங்கத்தினரா, ஆள் கணக்கா?

கட்சியின் பலம் தலைவர்களின் பட்டத்திலா, கிராமத்து அங்கத்தினரிடத்திலா? 1920-ல் சென்னை மாகாணத்தில் மந்திரிசபை அமைத்த ஜஸ்டிஸ் கட்சி, ஜமீன்தார்களையும் ராஜாக்களையும் நம்பிய அளவுக்குக் கிராமத்தானைத் தேடிப் போகவில்லை. காங்கிரசோ அதே 1920-ல் நாகபுரியில் நாலணாச் சந்தாவும், கிராமம், தாலூகா, ஜில்லாக் கமிட்டிகளும் ஏற்படுத்த விதி செய்தது. பலன் என்ன? 1937-ல் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரசுக்குப் போயிற்று.

ஆனால் நாலணா வாங்கி ரசீது கொடுத்தால் மட்டும் போதுமா? காசு கொடுத்தவன் வாய் திறக்கக் கூடாதென்றால், அவனுக்கும் உண்டியலில் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்கும் பக்தனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆகையால் தோழர்களே! எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் வரவு செலவுக் கணக்குக் கேளுங்கள். நிர்வாகிகளை நீங்களே தெரிந்தெடுங்கள். தலைவர் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள். கேட்கவிடாத கட்சியில் நீங்கள் அங்கத்தினரல்ல, வெறும் ஆள் கணக்கே என்போம்.