கடைச் சிப்பந்திகளும் மனிதரே!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலை நிரம்பி வழிகிறது. ரிங்லெட் தொடங்கித் தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வரையில் கார்கள் எறும்புச் சாரைபோல் ஊர்கின்றன. வருகிறவர்கள் குளிரை அனுபவிக்கட்டும். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலை மலையைக் கண்டு களிக்கட்டும். சூடாக ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் அருந்தி மகிழட்டும். வியாபாரம் செழித்தால்தான் நம் பிள்ளைகளுக்கும் பிழைப்பு. ஆனால் அந்தக் கோப்பையை ஏந்தி வருகின்ற கையை, கல்லாவுக்குப் பின்னால் காலை முதல் இருட்டும் வரை நிற்கின்ற கால்களை, எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்குக் கடைச் சிப்பந்திகளின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைக் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையின் காட்டை வெட்டியதிலும், சரிவில் செடி நட்டதிலும், கூடை சுமந்து கொழுந்து பறித்ததிலும் தமிழர்க்குப் பெரும் பங்கு உண்டு. இன்றோ கொழுந்து பறிக்க நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்தத் தமிழரின் பேரப்பிள்ளைகளில் பலர் தேநீர் விடுதியிலும், ஓட்டலிலும், சாப்பாட்டுக் கடையிலும், பாசார் மாலாமிலும் வேலை செய்கிறார்கள். பாட்டி மலைச் சரிவில் நின்றாள். பேத்தி கல்லாவில் நிற்கிறாள். செக்ரோலில் அவள் பெயர் இல்லை என்பதற்காக அவள் நம் பெண் இல்லாமல் போய்விடுவாளா? ரப்பர்த் தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக் கடைகளுக்குப் போன ஆயிரமாயிரம் பிள்ளைகளின் கதையும் இதுவேதான்.

காசு கொடுத்தால் எஜமானரா?

ஒரு விடுமுறை நாளில் கூட்டமான கடையொன்றில் கால்மணி நேரம் இருந்து பாருங்கள். "ஏய் பொண்ணு!" என்று ஒரு குரல். "டேய், எவ்வளவு நேரம்டா?" என்று இன்னொரு குரல். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர் ஒருவர். காசைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வீசுகிறவர் ஒருவர். தேத்தண்ணீரில் சர்க்கரை கூடிவிட்டது என்பதற்காக, பெற்ற தாய் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும்படியான வார்த்தைகளைச் சொல்லுகிறவர் மற்றொருவர். இதையெல்லாம் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, பிழை செய்த சிப்பந்தியின் முகத்தை ஊரெல்லாம் பரப்புகிற புதுக் கொடுமையும் இப்போது சேர்ந்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் படும் பாடு இதற்கும் மேல். சிரித்த முகத்தோடு நிற்கவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. சிரித்தால் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கிறார்கள் சில வாடிக்கையாளர்கள். சிரிக்காவிட்டால் "மரியாதை தெரியாத பெண்" என்று புகார். அவள் என்னதான் செய்வாள்?

புகார் வந்ததும் முதலாளி யார் பக்கம் நிற்கிறார்? "வாடிக்கையாளர் சொன்னால் சரி" என்பதே பல கடைகளில் வேதவாக்கு. உடைந்த கோப்பைக்குச் சம்பளத்தில் பிடித்தம். பணம் கொடுக்காமல் ஓடிவிட்ட வாடிக்கையாளனின் கணக்கும் சிப்பந்தியின் தலையில். கூட்டம் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பட்டம். ஒருபுறம் முதலாளி, மறுபுறம் வாடிக்கையாளர். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இவர்களுக்கே பொருந்தும்.

மானமும் கோரிக்கைதான்

"சம்பளத்தைக் கேளுங்கள், நியாயம்; மரியாதையைக் கேட்பதற்குச் சங்கம் எதற்கு?" என்று பேசுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு 1941-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டுமா கோரப்பட்டது? துரைமாரையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்றல்லவா? அதற்குப் பதிலாக வந்தது துப்பாக்கி. தொழிலாளர் உயிரிழந்தனர்; நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளை விட்டு இறங்குவதால் வயிறு காயாது. ஆனால் மானம் போகும் என்று அந்தப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். கல்லாவில் நிற்கும் பிள்ளை "டா" என்று கேட்டுத் தலை குனிகிறபோது, அதே சைக்கிளை விட்டுத்தான் இன்னமும் இறங்கிக்கொண்டிருக்கிறான்.

உட்கார ஒரு முக்காலி

இந்தக் கோரிக்கை பிற நாடுகளில் எவ்வாறு வென்றது என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆசனம் போடவேண்டும் என்று 1899-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமாவது இருக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம்.

கேரளத்தின் கோழிக்கோட்டில், கடைகளில் கழிப்பறை இல்லாமையால் தண்ணீர் குடிக்கவும் அஞ்சி நாள் முழுவதும் நின்ற பெண்களைத் திரட்டியவர் விஜி என்னும் தையற்காரப் பெண்மணி. முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு ஆசனத்துக்காகவும் அவர்கள் போராடினார்கள். 2018-ஆம் ஆண்டில் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை அளித்தது.

தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் பெரிய கடைகளில் நாள் முழுதும் நிற்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையை, 2010-இல் வசந்தபாலன் இயக்கிய "அங்காடித் தெரு" என்னும் படம் உலகுக்குக் காட்டியது. கண்ணீர் விட்டுப் பார்த்தோம்; மறுநாள் அதே கடைக்குப் போய் நிற்கின்ற பெண்ணிடமே துணி எடுத்தோம். 2021 செப்டம்பரில்தான் தமிழக சட்டமன்றத்தில் தொழிலாளர் நல அமைச்சர் சி. வி. கணேசன் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். கடை ஊழியர் அனைவருக்கும் ஆசனம் இருக்கவேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது சட்டமாயிற்று. இங்கிலாந்தில் வந்த சட்டத்துக்கும் தமிழ்நாட்டில் வந்த சட்டத்துக்கும் இடையே 122 ஆண்டுகள்!

நம் மலேசியாவில்? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2002-ஆம் ஆண்டில் நின்றுகொண்டு வேலை செய்வோருக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நீண்ட நேரம் நிற்பதால் கால் வீக்கமும், நரம்புச் சுருளும், இடுப்பு வலியும் வரும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால் வழிகாட்டி என்பது புத்திமதிதானே? கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், 2024 ஜூன் முதல் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஊழியரின் பாதுகாப்பும் சுகாதாரமும் நலனும் முதலாளியின் பொறுப்பு என்று அது சொல்கிறது. அந்த நலனில் ஒரு முக்காலிக்கு இடம் இல்லையா?

வாடிக்கையாளர் கொடுத்த பணம் யாருக்கு?

ஓட்டல் ரசீதுகளில் நூற்றுக்குப் பத்து என்று சேவைக் கட்டணம் போடுகிறார்கள். சேவை செய்தவருக்கு என்று நினைத்துத்தான் வாடிக்கையாளர் கொடுக்கிறார். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த பிறகு, அந்தப் பணத்தை எடுத்தே சம்பளக் குறையை நிரப்பிவிடலாம் என்று ஓட்டல் முதலாளிகள் சிலர் கணக்குப் போட்டார்கள். ஓட்டல், பார், உணவக ஊழியர் தேசியச் சங்கம் விடவில்லை. கிரிஸ்டல் கிரவுன் ஓட்டல் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2021-ஆம் ஆண்டில் நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு, சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப முடியாது என்று கூறிவிட்டது. சம்பளம் முதலாளியின் பையிலிருந்து வரவேண்டும். வாடிக்கையாளர் ஊழியருக்கென்று கொடுத்தது ஊழியருக்கே சேரவேண்டும்.

எத்தகைய வெற்றி! ஆனால் சங்கம் இருந்ததால் கிடைத்த வெற்றி இது. சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இல்லாத கடைகளில், ரசீதில் போடுகிற அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பார் யார்?

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஆகஸ்டு முதல் சிறு கடைகளையும் அது கட்டுப்படுத்துகிறது. வேலைச் சட்டத்தின்படி 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது. அரைமணி நேரமாவது இளைப்பாற விடவேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இவற்றைக் கடையில் ஒட்டி வைத்திருக்கும் முதலாளி எத்தனை பேர்? கடல் கடந்து வந்த சிப்பந்தியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் முதலாளி, 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி தாம் குற்றம் செய்கிறார் என்பதை அறிவாரா? அன்று கங்காணியை நம்பிக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் பட்டதை, இன்று இன்னொருவன் படும்போது நாம் வாய்மூடி இருக்கலாமா?

"சிறிய கடை, விலைவாசி ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை" என்பார்கள் முதலாளிகள். சிறு வியாபாரிகளின் கஷ்டம் நமக்கும் தெரியும். அவர்களிலும் பலர் நம் லயத்திலிருந்து போனவர்களே. ஆனால் ஒரு முக்காலிக்கு என்ன விலை? "எங்கள் பிள்ளையை அப்படிப் பேசாதீர்கள்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்ல எத்தனை வெள்ளி செலவாகும்? பிற நாடுகளில் இதற்கும் சட்டம் வந்துவிட்டது. வாடிக்கையாளரின் வசைமொழியிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்று தென் கொரியா 2018-இல் விதித்தது. வாடிக்கையாளரின் தொல்லை கூடாது என்று தோக்கியோ மாநகரம் சட்டம் இயற்றி 2025 ஏப்ரல் முதல் நடத்திவருகிறது. நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நடுவர் மன்றத்தில் புகார் செய்ய வழி உண்டு என்பதைக் கடைகளில் வேலை செய்யும் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும்.

நாமும் வாடிக்கையாளர்கள்தான்

இனி ஒரு கசப்பான உண்மை. தோழர்களே! சிப்பந்தியை அதட்டுகிறவர்கள் எல்லாரும் பட்டணத்துப் பணக்காரர்களா? சம்பள நாளன்று டவுனுக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் கடைப் பையனை "டேய்" என்கிறோம்? காலையில் பெரட்டுக் களத்தில் மேலதிகாரி அதட்டினால் கொதிக்கிறோம். மாலையில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நாமே அதட்டுகிறோம். பரிமாறுகிறவன் வங்காளதேசத்தவனாகவோ பர்மாக்காரனாகவோ இருந்துவிட்டால் நம் அதிகாரத்துக்கு அளவே கிடையாது. பத்து வெள்ளி கையில் இருக்கும் நேரத்துக்கு நாமும் ஒரு சின்னத் துரை ஆகிவிடுகிறோம். இதைவிட வெட்கக்கேடு உண்டா? உழைப்பவன் உழைப்பவனை இழிவாகப் பேசினால், சங்கத்தில் "தோழர்" என்று அழைப்பதற்கு என்ன பொருள்?

"தம்பி, ஒரு தேத்தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டால் தேத்தண்ணீர் ஆறிவிடாது. "நன்றி தங்கச்சி" என்று சொன்னால் நம் உயரம் குறைந்துவிடாது. கடை மூடும் நேரத்தில் போய் உட்கார்ந்து அவர்களின் வீட்டுப் பயணத்தைத் தாமதப்படுத்தாதீர்கள். பிழை நேர்ந்தால் பண்பாகச் சொல்லுங்கள். ஒருவர் சிப்பந்தியை இழிவாகப் பேசுகிறபோது பக்கத்து மேசையில் இருந்துகொண்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

முதலாளிமாருக்கும் சர்க்காருக்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. கடை ஊழியர் உட்கார ஆசனம் என்பதைச் சட்டமாக்குங்கள். சேவைக் கட்டணம் வாங்கும் கடைகள் அதன் கணக்கை ஊழியருக்குக் காட்டட்டும். வாடிக்கையாளரின் வசையிலிருந்தும் தொல்லையிலிருந்தும் ஊழியரைக் காப்பதை முதலாளியின் கடமையாக்குங்கள். தொழிலாளர் இலாகா அதிகாரிகள் விடுமுறைக் கூட்டத்தின்போதே மலைக்கு வந்து பார்க்கட்டும்; கூட்டம் வடிந்த பிறகு வந்து பயனில்லை.

கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தனித்தனியே கண்ணீர் வடிப்பதால் முக்காலி வராது. உங்களுக்கென்று வர்த்தக ஊழியர் சங்கம் இருக்கிறது, ஓட்டல் ஊழியர் சங்கம் இருக்கிறது. சேருங்கள், வேலை நேரத்தை எழுதி வையுங்கள், சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் இருக்கும் பெற்றோர்களும், "எங்கேயாவது வேலை கிடைத்ததே போதும்" என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். தலை நிமிர்ந்து வேலை செய்யும் உரிமையைக் கேட்க அவர்களுக்கு நாம் துணை நிற்போம்.